குதிரைக்குக் கிடைக்கும் சீட்டு எனக்குக் கிடைக்கவில்லை

இடுப்பு மூட்டை மாற்றி வைத்த பிறகு ஆளாளுக்கு என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "குதிரையை மறந்துடுங்க." அறுவை செய்த டாக்டர் சொன்னார். அவருக்குத் துணையாக நின்ற இளம் டாக்டர் சொன்னார். உடம்பு பார்க்க வந்த பெரியம்மா சொன்னார். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து போனில் பேசியவர்கூடச் சொன்னார். அடுத்த கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. எந்த மாதிரிக் குதிரை, எவ்வளவு நேரம் ஏறுவீர்கள், நடையா ஓட்டமா, எத்தனை வருஷப் பழக்கம், ஏறும்போது எந்தக் காலை முதலில் வைப்பீர்கள்? இதில் ஒன்றைக் கேட்டிருந்தாலும் என் வயிற்றெரிச்சல் பாதி அடங்கியிருக்கும்.

நான் கால்நடை மருத்துவர். 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவள். அங்கே என்.சி.சி.யில் குதிரையேற்றத்துக்கென்றே ஒரு பிரிவு உண்டு. பதினெட்டு வயதில் அங்கே சேணத்தில் உட்கார்ந்தவள், ஐம்பதைத் தாண்டியும் விடவில்லை. கல்யாணமாகி வந்த இடம் ஓசூரை அடுத்த சானமாவு பக்கம். ரோஜாவுக்குப் பசுமைக்குடில் போட்டிருக்கிறோம், மீதி நிலத்தில் ராகியும் தக்காளியும். லாயத்தில் ஒரு செவலைப் பெண்குதிரை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குட்டியாக வாங்கியது. கத்தியவார் கலப்பு, காது நுனிகள் இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். விடிகாலையில் அதன்மேல் ஏறித் தோட்டத்தைச் சுற்றி, ஏரிக்கரை வரை போய்த் திரும்பினால்தான் எனக்குப் பொழுது விடிந்ததாக அர்த்தம். லீவு நாளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஏறக் கற்றுக்கொடுப்பேன்.

இதைக் கேட்பவர்கள் ஏதோ பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கு என்று நினைக்கிறார்கள். ஓசூரில் இருந்துகொண்டு அப்படி நினைப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. மத்திகிரியில் இருக்கும் அரசுக் கால்நடைப் பண்ணை 1824-ல் தொடங்கியது. ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேல். வெள்ளைக்காரன் காலத்தில் படைக்குக் குதிரை பழக்கிய இடம் அது. கத்தியவார் குதிரைகள் அங்கே வளர்ந்த கதையை இந்தப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். ஜாவா, புல்லட், டிவிஎஸ் 50 எல்லாம் வருவதற்கு நூறு வருஷம் முன்பே இந்த மண்ணில் குதிரை நடந்திருக்கிறது.

என் மூட்டு கெட்டதற்குக் குதிரை காரணமில்லை. பிறக்கும்போதே எனக்கு இடது இடுப்புக் குழி ஆழம் குறைவு. தொடை எலும்பின் பந்து முழுசாக உள்ளே பொருந்தாமல் விளிம்பிலேயே தேய்ந்து தேய்ந்து, நாற்பதுகளில் வலி தொடங்கி, ஐம்பதில் குருத்தெலும்பு மிச்சமில்லாமல் போனது. பெண்களுக்கு அதிகம் வரும் கோளாறு இது. எக்ஸ்ரேயைப் பார்த்த எந்த எலும்பு மருத்துவருக்கும் அது தெரியும். ஆனாலும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் லாயத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் என்னிடம் திரும்பினார்கள். "அன்னிக்கே சொன்னேனே!" யாரும் அன்றைக்கு எதையும் சொல்லவில்லை.

அறுவை நடந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனையில். வேலையைக் குறை சொல்ல முடியாது. டைட்டானியக் குழி, அதற்குள் பிளாஸ்டிக் கிண்ணம், செராமிக் பந்து. இங்கிலாந்தில் 1962-ல் ஜான் சார்ன்லி என்ற மருத்துவர் வழக்கத்துக்குக் கொண்டுவந்த அறுவை, இன்று உலகத்தில் மிக நன்றாக நடக்கிற அறுவைகளில் ஒன்று. மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். பல வருஷமாகக் கூடவே இருந்த அந்தக் குடைச்சல் வலி போயே போய்விட்டது. அதற்காக அந்த டாக்டரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

என் ஆதங்கம் அதற்கு அடுத்த நாளிலிருந்து தொடங்குகிறது. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் படம் போட்டிருக்கிறது. சம்மணம் போட்டு உட்காரும் ஆள், மேலே பெருக்கல் குறி. தரையில் குந்தும் ஆள், பெருக்கல் குறி. தாழ்வான சோபா, பெருக்கல் குறி. காலுக்கு நடுவே தலையணை வைத்துத் தூங்கும் ஆள், அதற்கு சரி குறி. தொண்ணூறு டிகிரிக்கு மேல் இடுப்பை மடக்காதே, காலை உள்பக்கம் திருப்பாதே, காலுக்கு மேல் கால் போடாதே. மூன்று மாதம் கழித்து டூ வீலர் ஓட்டலாம், கார் ஓட்டலாம். அவ்வளவுதான் தாள். குதிரை என்று ஒரு எழுத்து இல்லை. இல்லாததைப் பற்றி நான் குறை சொல்லவில்லை, எத்தனை பேர் குதிரை ஏறப்போகிறார்கள்? அதனால்தான் வாய்விட்டுக் கேட்டேன்.

"டாக்டர், நான் குதிரை ஏறுறவ. எப்போ திரும்ப ஏறலாம், எப்படித் தயாராகணும்?"

அவர் கையில் அடுத்த நோயாளியின் ஃபைல் வந்துவிட்டது. "மேடம், இந்த மூட்டு இருபது வருஷம் வரணும். ரிஸ்க் எதுக்கு? குதிரையெல்லாம் மறந்துடுங்க. வாக்கிங் போங்க, போதும்."

முடிந்தது. முப்பது வருஷத்துக்கும் மேற்பட்ட பழக்கம், என் முதுகும் தொடையும் மூச்சும் பழகிப்போன ஒன்று, ஃபைல் மாறும் நேரத்தில் முடிந்துவிட்டது.

இதே கேள்வியை ஒரு குதிரை என்னிடம் கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தாளில் எழுதிக் காட்ட முடியும், ஏனென்றால் எழுதியிருக்கிறேன். கெலமங்கலம் பக்கம் ஒருவரின் ஆண்குதிரைக்கு முன்னங்காலில் தசைநாண் கிழிந்துவிட்டது. சுட்டுக் கொன்றுவிடு, விற்றுவிடு என்று நான் சொல்லவில்லை. சீட்டு எழுதினேன். முதல் சில வாரம் லாயத்தை விட்டு வெளியே விடக்கூடாது. பிறகு கையில் பிடித்து இரண்டு வேளையும் ஐந்தைந்து நிமிஷம் நடை, சமதரையில், நேர்கோட்டில், வளைவு கூடாது. வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டு. மூன்றாவது மாதம் ஸ்கேன் பார்க்கணும், நாண் இழைகள் ஒழுங்காகச் சேர்ந்திருந்தால் ஆள் ஏறி நடத்தலாம். அதற்குப் பிறகு இரண்டு நிமிஷம் ட்ராட் என்ற துள்ளுநடை, நான்கு நிமிஷம் ட்ராட். ஓட்டம் என்ற பேச்சு ஒன்பது மாதத்துக்கு அப்புறம்தான். எந்தக் கட்டத்திலாவது கால் சூடாகவோ வீங்கியோ இருந்தால் இரண்டு படி கீழே இறங்கி மறுபடி தொடங்கு. அதன் சொந்தக்காரர் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். சீட்டை லாயத்துச் சுவரில் ஒட்டி, தினமும் கரியால் கோடு போட்டுப் பார்த்தார். குதிரை திரும்ப நடந்தது, ஓடியது.

இதில் என் சாமர்த்தியம் எதுவுமில்லை. கால்நடை மருத்துவம் படித்த எவரும் இதைத்தான் எழுதுவார்கள். இந்தியக் குதிரையேற்ற வீரர் ஃபுவாத் மிர்சாவின் குதிரை செய்ன்யூர் மெடிகாட் 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் அவருக்கு வெள்ளி வாங்கித் தந்தது. இடையில் காயத்தால் ஒதுங்கியிருந்து, மீண்டு, டோக்கியோ ஒலிம்பிக் களத்தில் இறங்கியது. அந்தக் குதிரைக்குப் பின்னால் எத்தனை சீட்டுகள், எத்தனை படிகள் இருந்திருக்கும்! நாலு கால் பிராணிக்கு "திரும்பி வருவது" என்று ஒரு பாதை போட்டுக் கொடுக்கத் தெரிந்த நாட்டில், அதன்மேல் உட்காரும் மனுஷிக்கு ஏன் ஒரு பாதை இல்லை?

கேட்டால் ஆபத்து என்கிறார்கள். ஆபத்துதான். மாற்று மூட்டு வைத்தவர் கீழே விழுந்தால் உள்ளே பொருத்திய தண்டைச் சுற்றி எலும்பு உடையும். அதைச் சரிசெய்வது முதல் அறுவையைவிடக் கஷ்டம். கால் தப்பாகத் திரும்பினால் பந்து குழியை விட்டு நழுவும். இதெல்லாம் எனக்குத் தெரியும், எலும்பைத் தொட்டு வேலை செய்கிறவள் நான். அதனால்தான் கேட்கிறேன். ஆபத்து எந்த இடத்தில் இருக்கிறது, எந்த அசைவில், எந்த மாதத்தில் என்று சொல்லுங்கள் என்கிறேன்.

என் கணக்கில் அது ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் இருக்கிறது. குதிரையின் இடப்பக்கம் நின்று இடது காலை அங்கவடியில் வைத்துத்தான் ஏறுவது வழக்கம். அங்கவடி முழங்காலுக்கு மேல் தொங்கும். அதில் காலை வைத்தால் இடுப்பு தொண்ணூறு டிகிரியைத் தாண்டி மடங்கும், உடம்பு முன்னால் சாயும், கால் கொஞ்சம் உள்பக்கம் திரும்பும். தாளில் கூடாது என்று சொன்னவற்றில் இரண்டு ஒரே நொடியில் நடக்கிறது. எனக்கு மாற்றியதும் இடது இடுப்பே. ஆனால் இடுப்பு உயரத்துக்கு ஒரு திண்ணையோ மரப்படியோ இருந்தால் குதிரையை அதன் பக்கத்தில் நிறுத்தி, மடக்காமல் ஏறலாம். வலப்பக்கமிருந்து ஏறவும் குதிரையைப் பழக்கலாம்.  உட்கார்ந்த பிறகு கால் எவ்வளவு விரிகிறது என்பது குதிரையின் அகலத்தைப் பொறுத்தது. கத்தியவார் ஜாதி ஒல்லி உடம்பு, பெரிய ஐரோப்பியக் குதிரையைப் போலத் தொடையை அகட்டாது. நடையில் குதிரை தரும் அசைவு முன்னும் பின்னும் மேலும் கீழும் பக்கவாட்டிலுமாக மனுஷன் நடக்கும்போது இடுப்புக் கூட்டில் நடக்கும் அசைவுக்கு மிக நெருக்கமானது. மூளைவாதம் வந்த குழந்தைகளைக் குதிரையில் உட்கார வைத்து நடத்தும் சிகிச்சையே அதை வைத்துத்தான்.

இந்த விவரங்களையெல்லாம் என் பிசியோதெரபிஸ்டிடம் சொன்னேன். ஓசூர் டவுனில் சின்ன கிளினிக்கில் வேலை பார்க்கும் பெண், தர்மபுரிக்காரப் பிள்ளை. கேட்டுக்கொண்டே இருந்தவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் எங்கள் தோட்டத்துக்கே வந்துவிட்டாள். குதிரையை அவள் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. செவலை அவள் துப்பட்டாவை முகர்ந்தது. சேணத்தைக் கழற்றி மர ஸ்டாண்டில் போட்டு, என்னை அதன் பக்கத்தில் நிற்க வைத்து, காலை எவ்வளவு தூக்க வேண்டியிருக்கும் என்று இடுப்பில் கோணமானியை வைத்து அளந்தாள். சேணத்தின் அகலத்தை டேப் பிடித்துப் பார்த்தாள். நோட்டில் எழுதினாள். கடைசியில் சொன்னாள்:

"அக்கா, உட்கார்றதுக்கு வேண்டிய விரிவு கட்டில்ல நாம பண்ற எக்சர்சைஸ்லயே வந்துடுது. ஏர்றதுக்குத்தான் படி வேணும். இடுப்புப் பக்கத் தசைக்கு இன்னும் பலம் வேணும், ஒத்தக்கால்ல நின்னா இடுப்பு சாயக்கூடாது. அது வந்துட்டா யோசிக்கலாம்."

அந்த நிமிஷம் எனக்குக் கண் கலங்கியது. முதன்முறையாக ஒருவர் "அது வந்துட்டா" என்று ஒரு படியைக் காட்டினார். "இதை எழுதிக் கொடும்மா" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. "நான் எழுதக்கூடாதுக்கா. சார் சொன்னாத்தான்." அடுத்த ஃபாலோ-அப்பில் அறுவை செய்த டாக்டரிடம் அந்த நோட்டைக் காட்டினேன். அவர் திறந்து பார்க்கவில்லை. "அந்தப் பேச்சே வேண்டாம்னு சொன்னேன்ல, மேடம்?"

வெளிநாட்டில் இப்படி இல்லை என்பதைப் படித்துப் படித்துத்தான் மனசு இன்னும் கசந்தது. இங்கிலாந்தின் நிக் ஸ்கெல்டன் 2000-ல் கழுத்தெலும்பு முறிந்து, குதிரையேற்றத்தையே விட்டுவிட்டதாக அறிவித்தார். பிறகு திரும்பி வந்தார். 2011-ல் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டார். அடுத்த வருஷம் லண்டன் ஒலிம்பிக்கில் அணித் தங்கம், 2016 ரியோவில் தனிநபர் தங்கம். அப்போது வயது 58. தடை தாண்டும் போட்டியில், என்னைப் போல நடையில் இல்லை! டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலுக்கு 1944-ல் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலில்லாமல் போனது. தூக்கித்தான் ஏற்றி உட்கார வைக்க வேண்டும். 1952 ஹெல்சிங்கியில் ஆண்களோடு மோதி வெள்ளி வாங்கினார், நான்கு வருஷம் கழித்து மறுபடியும் வெள்ளி. அவர்கள் பெரிய வீரர்கள், எனக்கும் அவர்களுக்கும் ஒப்பில்லை. ஆனால் அவர்களைச் சுற்றி இருந்த ஏற்பாட்டைப் பாருங்கள். பந்தயத்தில் விழுந்து உடைந்துபோன ஜாக்கிகளுக்காக இங்கிலாந்தில் 1964-லேயே ஒரு நிதி தொடங்கினார்கள். இன்று லாம்போர்னிலும் மால்டனிலும் அவர்களுக்கென்றே மறுவாழ்வு மையங்கள் நடக்கின்றன. குதிரை மாதிரி அசையும் பொறியில் முதலில் உட்கார வைத்துப் பழக்கிய பிறகுதான் உயிருள்ள குதிரைக்கு அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் மூட்டு அறுவை நிபுணர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில், இடுப்பு மாற்றியவர்களில் முன்பழக்கம் உள்ளவர்கள் செய்யலாம் என்ற பட்டியலில் குதிரையேற்றத்தை வைத்தார்கள். ஆக உலகத்து எலும்பு மருத்துவம் "மறந்துடு" என்று சொல்லவில்லை. எனக்குச் சொன்னவர் சொன்னார், அவ்வளவுதான்.

இந்தியாவுக்கு ஹாங்சோ ஆசியப் போட்டியில் 2023-ல் டிரஸ்ஸாஜ் அணித் தங்கம் கிடைத்தது. குதிரையேற்றத்தில் 41 வருஷத்துக்குப் பிறகு வந்த தங்கம். டீக்கடை டிவியில்கூட ஓடியது. அந்த அணியில் இரண்டு பெண்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்து இனி எத்தனை குழந்தைகள் ஏறக் கற்றுக்கொள்ளும்! அவர்களில் யாராவது விழுவார்கள், எலும்பு உடையும், அறுவை நடக்கும். அவர்களுக்கும் இதே பதில்தானா?

காப்பீட்டுக் கதை தனி. அட்மிஷன் தாளில் யாரோ "குதிரை ஏறுபவர்" என்று எழுதிவிட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு கேள்விக்கு மேல் கேள்வி. சாகச விளையாட்டால் வந்த நோயா, எத்தனை முறை விழுந்தீர்கள், போலீஸில் எஃப்.ஐ.ஆர். உண்டா? பாலிசியில் விலக்கு எண் 09 என்று ஒன்று இருக்கிறது. எல்லா நிறுவனத்துக்கும் பொதுவாகக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த வாசகம் அது. பாறை ஏறுதல், கார் பந்தயம், குதிரைப் பந்தயம் என்று பட்டியல் போகும். ஆனால் அந்த வாசகத்திலேயே, தொழில்முறையாக அதில் ஈடுபட்டு அதனால் வந்த சிகிச்சைக்குத்தான் பணம் இல்லை என்று தெளிவாக இருக்கிறது. நான் பந்தயத்தில் ஓடுபவள் இல்லை, நோய் பிறவியில் வந்தது. இதை எக்ஸ்ரேயோடு எழுதி எழுதி அனுப்பி, கடைசியில் பணம் வந்தது. வலியோடு வாக்கரில் நிற்கும் ஒரு பெண்ணை, அவர்கள் தங்கள் சொந்தத் தாளை ஒருமுறை முழுதாகப் படிக்காததால் அலைக்கழித்தார்கள். உங்களுக்கும் இப்படி நடந்தால் அந்த 09-ஐ எடுத்து அடிக்கோடிட்டு அனுப்புங்கள்.

"வாக்கிங் போங்க, போதும்" என்ற அறிவுரைக்கு வருகிறேன். எங்கே போக? சானமாவில் இருப்பவரிடம் சொல்கிற பேச்சா இது? ராகி முற்றும் காலத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து கிளம்பும் யானைக் கூட்டம் தளி, ஜவளகிரி வழியாக இறங்கி, சானமாவு காப்புக்காட்டிலும் போடூர்பள்ளத்திலும் வந்து நிற்கும். வனத்துறை ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போவார்கள்: ராத்திரி காவலுக்குப் போகாதீர்கள், விடிகாலையில் தனியாக நடக்காதீர்கள், காட்டுக்குள் ஆடு மாடு ஓட்டாதீர்கள். நன்றாக ஓடக்கூடியவர்களே தப்பிக்க முடியாமல் செத்த ஊர் இது. கையில் குச்சி பிடித்தவள் எங்கே ஓடுவேன்? பகலில் போகலாம் என்றால் ராயக்கோட்டை ரோட்டில் தக்காளி லாரியும் ஜல்லி டிப்பரும். ஓரத்தில் நடக்க ஒரு அடி இடமில்லை. மழையில் தார் பெயர்ந்த பள்ளத்தில் கால் பிசகினால் அதுவும் விழுவதுதான். கடைசியில் பசுமைக்குடிலுக்குள் நடந்தேன். ரோஜாப் பாத்திகளுக்கு நடுவே ஒரு ஆள் போகும் அளவு வழி, குறுக்கே சொட்டுநீர்க் குழாய். குழாயைத் தாண்டும்போதெல்லாம் நின்று, பார்த்து, காலைத் தூக்கி வைத்து. உள்ளே புழுக்கம் வேறு. பூப்பறிக்கும் பெண்கள் எனக்காக ஒதுங்கி ஒதுங்கி நின்றார்கள்.

மூன்று மாதம் கழித்து டூ வீலர் ஓட்டலாம் என்று தாளில் இருக்கிறதே, அதையும் நினைத்துப் பார்க்கிறேன். அத்திப்பள்ளியிலிருந்து ஓசூர் வரை ஸ்கூட்டரில் போய்ப் பாருங்கள். அந்த ரோட்டில் டூ வீலருக்கு அனுமதி உண்டு, என் சொந்த நிலத்தில், வேலிக்குள், பழகிய குதிரை ஒன்றின்மேல், ஆள் கயிறு பிடித்துக்கொள்ள, நடையில் போக அனுமதி இல்லை. ஸ்கூட்டர் எல்லாருக்கும் தெரியும், குதிரை தெரியாது. தெரியாததெல்லாம் ஆபத்து என்று எழுதிவிடுகிறார்கள்.

பெரியம்மா வேறு மாதிரி. "பொம்பளைக்கு எதுக்குடி குதிரை? வித்துட்டு ரெண்டு கறவை மாடு வாங்கு, பாலாவது வரும்." பாசத்தில் சொல்கிறார், கோபித்துக்கொள்ள முடியாது. ஆனால் என் வேலையில் கறவை மாடு உதைத்து எலும்பு முறிந்த பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டு அவிழ்த்த மறுநாளே அவர்கள் பால் கறக்க உட்காருவார்கள். அவர்களிடம் ஒருவரும் "மாட்டை மறந்துடு" என்று சொன்னதில்லை. மாடு பிழைப்பு, குதிரை திமிர் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. ஒரு பெண் ஐம்பது வயதுக்கு மேல் தனக்குப் பிடித்ததைச் செய்தால் அதற்கு ஒரு உடம்புக் காரணம் கிடைக்கட்டும் என்று காத்திருப்பார்கள்போல. என் கணவரின் நண்பர்கள் முழங்கால் அறுவை முடிந்து ஷட்டில் ஆடப் போனபோது இதே ஊர் கை தட்டியது.

தினமும் காலையில் லாயத்துப் பையன் செவலையை வெளியே கொண்டுவந்து கட்டிவிட்டுக் கேட்பான்: "டாக்டரம்மா, இன்னிக்காச்சும்?" நான் கொள்ளு வைத்துவிட்டு, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்தில் நடப்பேன். என் வேகத்துக்கு அது குறைத்துக்கொண்டது. ஒருவரும் சொல்லித்தரவில்லை.

இது குதிரைக்காரியின் பிரச்சினை மட்டும்தான் என்று இருந்தால் நான் பேசாமல் இருந்துவிடுவேன். பிசியோதெரபி கிளினிக்கில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதுதான் புரிந்தது. அந்த பெஞ்சில் யாரெல்லாம் இருந்தார்கள்? சிப்காட்டில் பிரஸ் மிஷினில் நிற்கும் தொழிலாளி, தோளில் அறுவை. பூப்பறித்துப் பறித்து மணிக்கட்டு நரம்பு இறுகிப்போன பெண். பத்தலப்பள்ளி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர், முதுகில் திருகாணி. எல்லார் கையிலும் அதே மாதிரித் தாள், அதே படம், அதே பெருக்கல் குறி. "வெயிட் தூக்காதீங்க" என்று மூட்டை தூக்குபவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் அரிசி வாங்க அவர் என்ன செய்வார் என்று கேட்டவர் இல்லை. எத்தனை கிலோவில் தொடங்கலாம், எந்த வாரத்தில், எப்படிக் குனிந்து தூக்குவது என்று எழுதித் தந்தவர் இல்லை. அவர் ஒரு மாதத்தில் பழையபடி ஐம்பது கிலோவைத் தூக்கப் போகிறார், யாருக்கும் சொல்லாமல். பிரஸ் தொழிலாளி கம்பெனிக்கு ஃபிட்னெஸ் சர்டிபிகேட் கொண்டுபோக வேண்டும். அதிலும் "லேசான வேலை" என்று மொட்டையாக ஒரு வரி. எது லேசு என்று சூப்பர்வைசர் முடிவு செய்வார்.

கிரிக்கெட் வீரருக்குத் தோளில் அறுவை நடந்தால் என்றைக்கு நெட்ஸ், எத்தனை பந்து, என்றைக்கு முழு ஓவர் என்று பட்டியல் போடுகிறார்கள். அந்த அறிவு நம் நாட்டில் இருக்கிறது. அது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எங்களிடம் வந்து சேரவில்லை. ஓபியில் நூறு பேர் நிற்கிறார்கள், டாக்டருக்கு நேரமில்லை என்பார்கள். தெரியும். நேரமில்லாவிட்டால் பிசியோதெரபிஸ்டுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுங்கள். கோணமானியை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என் லாயம் வரை வந்த அந்தப் பெண்ணுக்கு எழுதத் தெரியும், கையெழுத்துப் போடத்தான் உரிமையில்லை.

கிருஷ்ணகிரியில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அங்கே எலும்பு மருத்துவம் கற்றுக்கொடுக்கும் பேராசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் மாணவர்கள் நாளைக்கு எங்கள் மூட்டையும் முதுகையும் அறுக்கப் போகிறவர்கள். வீட்டுக்கு அனுப்பும் தாளில் "நோயாளி திரும்பிப் போக நினைக்கும் வேலை என்ன?" என்று ஒரு வரி சேர்க்க அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். அதன் கீழே படிப்படியாக எழுத நாலு வரி இடம் விடுங்கள். முடியவே முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையும் அந்த நாலு வரியிலேயே எழுதுங்கள். படித்துவிட்டு நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.